கதவைத் திறக்கலாமா?



கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள மீனவக் குப்பம் ஒன்றில் அண்மையில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். வேப்பமரத்து நிழலில் ஓர் அம்மையார் எனக்காகக் காத்து நின்றார். கையில் செபமாலை, மறு கையில் கைபேசி. நாற்பது வயதைக் கடந்தவர். கணவர் மீன்பிடித் தொழிலாளி. மூத்த மகன் செங்கற்பட்டுப் பக்கத்தில் ஒரு தொழிற்கல்விக் கூடத்தில் பயில்கிறான். தயங்கித் தயங்கி அவர் கேட்டது இது:

"வாத்தியாரய்யா, அந்த மூணு நாளு இருட்டு வரும்போது எங்க வூட்டுக்காரரு கடல்ல இருந்தாருன்னா, அவரு வந்து கதவைத் தட்டுனா நான் திறக்கக் கூடாதாமே? நெசமாவா?"

அவர் காட்டிய காணொளியை முழுவதும் பார்த்தேன். திருவுருவப் படம், மெல்லிய வாத்திய இசை, உருக்கமான குரல். உலகை மூன்று பகல் மூன்று இரவு காரிருள் மூடும். மந்திரிக்கப்பட்ட மெழுகுவர்த்தி மட்டுமே எரியும். வெளியே பசாசுகள் உலவி உற்றார் உறவினரின் குரலில் அழைக்கும். கதவைத் திறந்தவர் அந்தக் கணமே மாள்வர் என்கிறது அக்குரல். இவையெல்லாம் புனித பியோ அடிகளார் கூறியவை என்றும், திருச்சபை ஏற்றவை என்றும் சொல்லி முடிகிறது. எந்த ஆயர், எந்த ஆண்டு, எந்தக் கடிதம் என்பது அதில் எங்கும் இல்லை. 'கத்தோலிக்க' என்ற சொல் மட்டும் தலைப்பிலே பெரிய எழுத்தில் நின்றது.

மகனின் இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை அவ்வம்மையார் அரிசி மூட்டைக்கும் மெழுகுவர்த்திக்கும் செலவிட்டிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. கணவருக்கு இது தெரியாது.

நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் தகுதி எனக்கில்லை. 1999-ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. அப்போது கைபேசி இல்லை. துண்டுப் பிரசுரம் இருந்தது. மட்டமான தாளில் மங்கிய மையில் அச்சிட்டு ஆலய வாசலில் கைமாறிய அந்தப் பிரசுரத்தை என் தாயார் விவிலியத்துக்குள் வைத்துப் பாதுகாத்தார். ஆறு கட்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்தவன் நான்தான். 2000-ஆம் ஆண்டு பிறந்தது; சூரியன் வழக்கம்போல உதித்தது. அம்மெழுகுவர்த்திகள் அவ்வாண்டு கோடையின் மின்வெட்டுகளுக்குப் பெரிதும் உதவின. ஆனால் அந்த மார்கழியில் என் தாயார் உறங்காது கழித்த இரவுகளுக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. அச்சிட்டவர் யார் என்பதே அத்தாளில் இல்லை.

அம்மையாருக்கு நான் அங்கேயே சொன்ன விடை சுருக்கமானது. பியோ அடிகளார் 1968-இல் இறந்து 2002-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். மூன்று நாள் இருளைப் பற்றி அவர் பெயரில் உலவும் கடிதம் அவருடையதன்று என்று அவர் வாழ்ந்த கப்புச்சின் சபையினரே மறுத்துள்ளனர். இதே முன்னறிவிப்பை 1837-இல் இறந்த முத்திப்பேறு பெற்ற அன்னா மரியா தாயிகி என்ற உரோமை நகரத்துக் குடும்பப் பெண்ணின் பெயரிலும் கூறுவர். அவரைத் திருச்சபை 1920-இல் பீடத்துக்கு உயர்த்தியது அவருடைய புண்ணிய வாழ்வுக்காக. அவர் பெயரால் பிறர் எழுதி வைத்த ஒவ்வொரு வரிக்கும் அது முத்திரை ஆகாது.

ஆனால் அவர் கேள்வி இதைவிடப் பெரியது. "கத்தோலிக்கப் பத்திரிகையிலயும் காணொளியிலயும் வர்றதைக்கூட நம்பக் கூடாதுன்னா, நாங்க எதைத்தான் நம்பறது?" இந்த மாதம் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

இக்கேள்விக்கு விடை தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. நம் செங்கற்பட்டு மறைமாவட்டத்துக்குள்ளேயே பரங்கிமலை இருக்கிறது. மலையுச்சி ஆலயத்தின் பீடத்தில் பதிக்கப்பட்டுள்ள கற்சிலுவையை நம்மில் பலர் தொட்டு வணங்கியிருக்கிறோம். 1547-இல் போர்த்துகீசியர் அங்கே கட்டடப் பணிக்காகத் தோண்டியபோது கிடைத்தது அது. சில ஆண்டுகளில், டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் அச்சிலுவையில் குருதிபோல் வியர்வை துளிர்த்தது என்றும், பிறகு 1704 வரையில் பன்முறை அவ்வாறு நிகழ்ந்தது என்றும் மரபு கூறுகிறது. அதைப் பற்றி நான் இங்கு வாதிக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அக்கல்லின்மேல் உள்ள எழுத்தைப் பற்றியது.

சிலுவையைச் சுற்றி வளைவாக ஒரு வரி செதுக்கப்பட்டிருக்கிறது. அது என்ன மொழி என்று அன்று எவருக்கும் தெரியவில்லை. கல் வியர்த்தது என்ற செய்தி பரவியபின், எழுத்தை வாசிக்க வேண்டும் என்ற வேட்கை மிகுந்தது. 1561-ஆம் ஆண்டளவில் கற்றறிந்த பிராமணர் ஒருவரை அழைத்து வந்தனர். அவர் சளைக்கவில்லை. இவை சாதாரண எழுத்துகள் அல்ல, ஒவ்வொரு குறியும் பல சொற்களை உணர்த்தும் என்று கூறி, நீண்டதொரு வரலாற்றையே வாசித்துக் கொடுத்தார். கடவுள் கன்னியிடம் பிறந்தது, பன்னிரு சீடர்கள், அவர்களுள் ஒருவர் கையில் கோலுடன் மயிலாப்பூருக்கு வந்தது, பெரிய மரமொன்றைக் கொண்டு ஆலயம் எழுப்பியது, அரசர்கள் அவருடைய நெறிக்குப் பணிந்தது, முடிவில் அவர் கொலையுண்டது என எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தனவாம்! ஐயம் தீர இன்னொரு பண்டிதரிடம் காட்டினர். அவரும் அப்படியே வாசித்தார் என்று எழுதி வைத்தனர். செய்தி கப்பலேறிப் போர்த்துக்கல் சென்றது, ஐரோப்பிய நூல்களில் இடம் பெற்றது, படித்தவர்களும் நம்பினர்.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1873-இல், சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த பர்னல் என்ற கல்வெட்டு அறிஞர் அவ்வெழுத்தைப் பகலவி எனப்படும் பழம் பாரசீக எழுத்து என்று அடையாளம் காட்டினார். அதன்பின் அறிஞர் பலர் ஆய்ந்தனர். சொல்லுக்குச் சொல் அவர்கள் ஒத்துப்போகவில்லை; எனினும் அது சிறியதொரு சமயத் தொடர் என்பதில் ஐயம் இல்லை. பலர் ஏற்ற ஒரு வாசிப்பின்படி, கல்லைச் செதுக்கியவர் தம்மீது இரக்கம் வைக்குமாறு கிறிஸ்துவிடம் இறைஞ்சும் மன்றாட்டு அது. அரசர்களும் இல்லை, மரமும் இல்லை, கோலும் இல்லை.

சிலுவை பொய் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாகத் தன் சிறிய செபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. பொய் புகுந்தது கல்லுக்கும் கேட்பவருக்கும் நடுவே நின்று வாசித்தவரிடம். கேட்டவர்கள் என்ன கேட்க விரும்பினார்களோ அதையே அவர் வாசித்துத் தந்தார். அவரை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவருக்கு அன்று மரியாதை கிடைத்திருக்குமா? இரண்டாம் பண்டிதர் 'உறுதிப்படுத்திய' கதையும் நமக்குப் புதிதன்று. ஒரே காணொளியை நாலு பேர் அனுப்பினால் நாலு சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நாம் நினைப்பதில்லையா?

தனி வெளிப்பாடு எதுவாயினும், அதற்கும் நமக்கும் இடையே இத்தகைய வாசிப்பவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். காட்சி கண்டவர் ஒருவர்; அவர் சொன்னதை எழுதியவர் ஒருவர்; மொழிபெயர்த்தவர் ஒருவர்; படமும் இசையும் சேர்த்துப் பரப்பியவர் ஒருவர். காட்சி மெய்யா என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று; அதற்கு ஆயர்கள் இருக்கிறார்கள். நம்மால் இயன்றதும் நம் கடமையானதும் ஒன்றுண்டு: நமக்கு வாசித்துக் காட்டுபவர் நேர்மையானவரா என்று பார்ப்பது.

அதற்கு முன் திருச்சபையின் போதனையை இரண்டு வார்த்தையில் நினைவுபடுத்துகிறேன். இயேசு கிறிஸ்துவில் இறைவெளிப்பாடு நிறைவு பெற்றது. தனி வெளிப்பாடுகள் அதோடு எதையும் சேர்ப்பதற்கோ அதைத் திருத்துவதற்கோ வந்தவை அல்ல. குறிப்பிட்ட ஒரு காலத்தில் அதை நன்கு வாழத் துணை செய்பவை. திருச்சபை ஏற்றுக்கொண்ட காட்சியைக்கூட விசுவாசக் கோட்பாடாக நம்ப வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. லூர்து நகருக்குப் போகாமலே ஒருவர் நல்ல கத்தோலிக்கராக வாழ்ந்து இறக்கலாம். ஆகவே 'இதை நம்பாதவர் அழிவார்' என்று தொடங்கும் செய்தி, தொடங்கும்போதே தவறிவிட்டது.

இனி, ஏமாற்றம் எங்கெங்கே நுழைகிறது என்று பார்ப்போம். பல பிரசுரங்களின் முதற்பக்கத்தில் ஓர் அறிவிப்பைக் கண்டிருப்பீர்கள். ஆறாம் சின்னப்பர் 1966-இல் பழைய திருச்சபைச் சட்டத்தின் இரு விதிகளை நீக்கிவிட்டதால், புதிய காட்சிகளைப் பற்றி எழுத ஆயரின் அனுமதி இனித் தேவையில்லை என்பது அதன் சாரம். படிப்பவர் இதை ஏதோ பாப்பரசரின் ஒப்புதல் என்று எண்ணிக்கொள்கிறார். தண்டனையும் முன்தடையும் நீக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் அதனால் எதையும் பரப்பலாம் என்று பொருள் கொள்வது அடிப்படையற்றது என்று 1996-இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளிப்படையாகவே கூறியது. விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஊறு செய்பவற்றைப் பரப்பாதிருக்கும் கடமை முன்போலவே இருக்கிறது. பூட்டை எடுத்துவிட்டதால் வீடு பொதுச்சத்திரம் ஆகிவிடுமா?

சில நேரங்களில் ஆயரின் கடிதம் மெய்யாகவே இருக்கும். ஆனால் முழுக்கதை இராது. ஆம்ஸ்டர்டாமில் 1945 முதல் 1959 வரை நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட 'அனைத்து நாடுகளின் அன்னை' காட்சிகள் இதற்கு எடுத்துக்காட்டு. அந்தப் படமும் செபமும் உலகின் பல மொழிகளில் அச்சாயின. 2002-இல் அவ்விடத்து ஆயர் அவை மீயியற்கையானவை என்று அறிக்கை விட்டார். ஆதரவாளர்கள் அதையே எடுத்துக்காட்டி வந்தனர். ஆனால் 1974-லேயே உரோமைப் பேராயம் அவை மீயியற்கையானவை அல்ல என முடிவு செய்து, பாப்பரசரும் அதற்கு ஒப்புதல் தந்திருந்தார். அம்முடிவின் விவரத்தை உரோமை 2024 ஜூலையில்தான் வெளியிட்டது. இவ்வளவு காலம் நல்லெண்ணத்தோடு அந்தச் செபத்தைச் சொன்ன எளியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தீர்ப்பைப் பொதுமக்களுக்குத் தெரியும்படி காலத்தே வெளியிடாமல் இருந்ததும் ஒரு குறையே என்று பணிவோடு சொல்லத் தோன்றுகிறது.

பொய்யாகவே இட்டுக்கட்டியவையும் உண்டு. பாத்திமாவின் 'மூன்றாம் இரகசியம்' என்று 1963-இல் செருமனியின் 'நொயஸ் ஐரோப்பா' இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் மடிவர் என்ற அப்பயங்கர வாசகம் மொழிக்கு மொழி தாவியது. 2000 ஜூன் 26 அன்று திருப்பீடம் உண்மையான வாசகத்தை வெளியிட்டபோது அது முற்றிலும் வேறாக இருந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் நடுங்கியவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

2024 மே 19, தூய ஆவியார் பெருவிழா முதல், உரோமையின் புதிய நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. அவற்றின்படி ஆயர் விசாரித்து, தம் முடிவை உரோமைக்கு அனுப்பி, அங்கே உறுதியான பின்னரே அறிவிக்க வேண்டும். ஆறு வகை முடிவுகள் உள்ளன. மிக உயர்ந்தது 'தடையில்லை' என்பது. அச்சொல்லை நன்கு நினைவில் வையுங்கள். 'இது விண்ணிலிருந்து வந்தது' என்று அதற்குப் பொருள் அன்று. 'இங்கே தூய ஆவியாரின் கனிகள் காணப்படுகின்றன, மக்கள் அச்சமின்றிப் பங்கு பெறலாம்' என்பதே பொருள். 2024 செப்டம்பரில் மெஜுகோரிக்கு இம்முடிவு கிடைத்தபோது, காட்சிகளை உரோமை ஏற்றுவிட்டது என்ற தலைப்புடன் எத்தனை செய்திகள் வந்தன! உரோமைக் குறிப்போ, மீயியற்கைத் தன்மையைத் தாம் அறிவிக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தது.

நம் வேளாங்கண்ணியைப் பற்றியும் அவ்வாறே. 2024 ஆகஸ்டு முதல் நாளன்று விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் தலைவர் கர்தினால் பெர்னாண்டஸ் தஞ்சை ஆயருக்கு ஓர் அழகிய கடிதம் எழுதினார். கிறிஸ்தவர் அல்லாதாரும் அன்னையை நாடி வந்து ஆறுதல் பெறுவதைப் பாராட்டி, அத்திருத்தலத்தில் தூய ஆவியாரின் செயலைக் காண்பதாக எழுதியிருந்தார். நமக்கெல்லாம் பெருமகிழ்ச்சி. ஆனால் பால்காரச் சிறுவனும் மோர் விற்ற சிறுவனும் கண்ட காட்சிகளை வரலாறாக மெய்ப்பிக்கும் தீர்ப்பு அதில் இல்லை; அவை நம் முன்னோர் வாய்வழியாகக் கையளித்த மரபு. அம்மரபை நேசிப்பதற்குத் தீர்ப்பு ஏன் வேண்டும்? அச்சிறுபாக்கத்து மழை மலைக்கு ஏறுகிறவர்கள் ஆணையோலை கேட்டா ஏறுகிறார்கள்? மழைக்காக மன்றாடிய மக்களின் நினைவு அதன் பெயரிலேயே நிற்கிறது. அங்கே எவரும் உலகம் முடியும் நாளைக் குறித்துத் தருவதில்லை.

அப்படியானால் அம்மையாருக்கு என்ன வழி சொல்வது? நான் இப்படிச் செய்கிறேன். செய்தி வந்ததும் முதலில் காட்சி கண்டவரின் பெயரைத் தேடுவதில்லை; அவ்விடத்து ஆயர் யார், அவர் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று தேடுகிறேன். தேதியில்லாச் செய்தியை நான் ஒதுக்கிவிடுகிறேன். ஏனெனில் தீர்ப்புக்கு முன் வந்த காணொளிகள் தீர்ப்புக்குப்பின் தாமாக அழிவதில்லை. அடுத்து, தவறு என்று தெரிந்தால் திருத்தம் போட வேண்டிய பொறுப்பாளர் ஒருவர் பெயரும் முகவரியும் அங்கே உண்டா என்று பார்க்கிறேன். தமிழக ஆயர் பேரவையின் 'நம் வாழ்வு' வார இதழிலோ வத்திக்கான் செய்தித்துறையின் தமிழ்ப் பிரிவிலோ பிழை நேராது என்று நான் சொல்லவில்லை. நேர்ந்தால் கேட்க ஆள் உண்டு என்கிறேன். நீங்கள் கையில் வைத்திருக்கும் இவ்விதழையும் அதே தராசில் நிறுத்துங்கள். காணிக்கை அனுப்பவோ பத்துப் பேருக்கு அனுப்பவோ அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். ஐயம் மீந்தால் பங்குத்தந்தையிடம் கொண்டு போகிறேன். 'குருக்களிடம் சொல்லாதே, அவர்கள் மறைக்கிறார்கள்' என்று சொல்லும் செய்தியானால், இரட்டை விரைவோடு கொண்டு போகிறேன்!

இத்தனையும் அம்மரத்தடியில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவ்வம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, என் விளக்கம் எதுவும் தேவைப்படாதவர்போல், தாமே பேசினார்.

"சுனாமி அன்னிக்கு நான் சின்னப் பொண்ணைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தாண்ட ஓடினேன். யாரு எவருன்னே தெரியாது. ஒரு வூட்டுல கதவைத் தொறந்து உள்ள இழுத்துக்கிட்டாங்க. மூணு நாளு சோறு போட்டாங்க. அவங்க நம்ம வேதக்காரங்ககூட இல்ல. அன்னிக்கு அவங்க இதுமாதிரி படத்தைப் பார்த்துட்டு கதவைச் சாத்திக்கிட்டிருந்தா?"

2004 டிசம்பர் 26-ஐப் பற்றி இக்கரையில் எவரிடமும் நான் வாதம் செய்ய முடியாது. பேசாமல் நின்றேன். கடலில் இருக்கும் கணவனுக்குக் கதவைச் சாத்தச் சொல்லும் குரல், அன்னியனாய் வந்த தம்மை ஏற்றுக்கொண்டீர்களா என்று தீர்ப்பு நாளில் கேட்கப் போகிறவரின் குரலாக இருக்க முடியாது என்பதை அவர் என்னைவிட முன்பே கண்டுகொண்டிருந்தார். கேள்வியோடு வந்தவர்போல் வந்தாரே தவிர, விடை அவரிடம் இருந்தது. துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவே.

மகனின் கட்டணத்தில் குறைந்த தொகையை என்ன செய்வது என்பதுதான் மீந்த சிக்கல். அரிசியைப் பக்கத்து வீட்டாருடன் பங்கிட்டு விற்றுக்கொள்ளலாம் என்றார். கணவரிடம் உள்ளதைச் சொல்லிவிடும்படி நான் கூறினேன். அதற்கு மட்டும் சற்று யோசித்தார். அடுத்த வாரம் பார்த்தபோது சொல்லிவிட்டதாகவும், அவர் முதலில் கோபித்துப் பிறகு சிரித்ததாகவும் தெரிவித்தார். கட்டணத்தை மறு தேதிக்குள் கட்டக் கல்விக் கூடத்தில் தவணை கொடுத்திருக்கிறார்கள். மெழுகுவர்த்திகளைக் கல்லறைத் திருநாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.